சமையலறைப் பொருள்களைத் தோலில் பூசுமுன்: ஒரு முழுமையான பாதுகாப்பு வழிகாட்டி

பச்சை மிளகாய் நறுக்கிய கையால் மறதியாகக் கண்ணைக் கசக்கிவிட்டவர் எவருக்கும், உண்ணத் தக்க பொருள் எல்லாம் உடம்பில் பூசவும் தக்கது என்ற எண்ணம் எங்கே பிழைக்கிறது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆனால் எலுமிச்சை, பட்டை, சமையல் சோடா ஆகியவை முகத்துக்கு வரும்போது மட்டும் அந்த அனுபவத்தை நாம் மறந்துவிடுகிறோம். "தினமும் சாப்பிடுகிற பொருள்தானே, இதில் என்ன கெடுதல் இருந்துவிடப் போகிறது" என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வதோடு பரிசோதனை முடிந்துவிடுகிறது. இரைப்பை தானே அமிலம் சுரந்து, அந்த அமிலத்தைத் தாங்குவதற்குக் கோழைப் படலத்தையும் உண்டாக்கிக்கொள்ளும் உறுப்பு. முகத்தின் தோலுக்கு அப்படிப்பட்ட காவல் இல்லை. அதற்கு உள்ள காவல் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே தடிமன் கொண்ட இறந்த செல்களின் அடுக்கும், அந்தச் செல்களுக்கு இடையே சுவர்ப்பூச்சு போல நிறைந்திருக்கும் கொழுப்பும்தான்.

மாநிறமும் கருநிறமும் கொண்ட தோலுக்கு இதில் கூடுதலான ஒரு கவலையும் உண்டு. மெலனின் மிகுந்த தோலில் எந்தக் காரணத்தால் அழற்சி ஏற்பட்டாலும், அது ஆறிய இடத்தில் கரும்படை தங்கிவிடும் வாய்ப்பு வெள்ளைத் தோலைக் காட்டிலும் மிக அதிகம். எரிச்சல் இரண்டு நாளில் அடங்கும். கருமை மறையச் சில மாதங்கள் ஆகும். முகக் கருமையைப் போக்கப் பூசிய பொருளே கருமையைக் கொண்டுவருவது இப்படித்தான். இங்கே சொல்லப்படும் படிகள் அனைத்தும் அந்த ஒரு விபத்தைத் தவிர்ப்பதை முதன்மையாகக் கொண்டவை. வீட்டுப் பூச்சுகளே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. பாசிப்பயற்று மாவும் தயிரும் பல வீடுகளில் எந்தக் கெடுதலும் செய்யாமல் பயன்பட்டு வருகின்றன. எதை, எப்படி, யார், எவ்வளவு நேரம் என்ற கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகு பூச வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

முதல் படி: இப்போது உங்கள் தோல் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்

பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் தோலைப் பார்க்க வேண்டும். கரப்பான், சொரியாசிஸ், சீழ் வைத்த பருக்கள், வெயிலில் கன்றிய தோல், திறந்த புண், வெடிப்பு ஆகியவை இருக்கும் இடத்தில் எந்தச் சமையலறைப் பொருளையும் பூசக் கூடாது. புருவம் திருத்திய பிறகும், மெழுகிட்டு முடி நீக்கிய பிறகும், சவரம் செய்த பிறகும் குறைந்தது இரண்டு நாள் பொறுக்க வேண்டும். பருக்களுக்காகவோ கருமைக்காகவோ ட்ரெடினாயின், அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு போன்ற மருந்துகளைப் பயன்படுத்துபவர்களின் தோல் ஏற்கெனவே உலர்ந்தும் எளிதில் எரியும் நிலையிலும் இருக்கும் என்பதால், அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வேறு எதையும் சேர்க்காமல் இருப்பதே நல்லது. நீரிழிவு உள்ளவர்கள் பாதங்களில் எதையும் சோதித்துப் பார்க்கக் கூடாது. அங்கே உணர்ச்சி குறைந்திருந்தால் எரிச்சலே தெரியாமல் புண் உண்டாகிவிடும்.

உணவு ஒவ்வாமை உள்ளவர்கள் அந்தப் பொருளைத் தோலிலும் தவிர்க்க வேண்டும். முட்டையோ பாலோ கடலையோ ஒத்துக்கொள்ளாதவருக்கு, அதைக் குழைத்துப் பூசினாலும் தடிப்பும் அரிப்பும், அரிதாக மூச்சுத் திணறலும் வரலாம். ரப்பர் கையுறை அணிந்தால் அரிப்பு எடுப்பவர்கள் பப்பாளி, வாழைப்பழம், அவகாடோ, கிவி ஆகியவற்றையும் ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும்; ரப்பர் பாலில் உள்ள சில புரதங்களைப் போன்றவை இந்தப் பழங்களிலும் உள்ளன.

இதற்கு எதிர்த் திசையிலும் ஆபத்து உண்டு என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். ஜப்பானில் கோதுமைப் புரதத்தைச் சிதைத்துச் சேர்த்த ஒரு முகச் சோப்பு 2004ஆம் ஆண்டிலிருந்து விற்பனையாகி வந்தது. அதுவரை எந்தச் சிக்கலும் இன்றிக் கோதுமை உணவு உண்டு வந்தவர்களில் 2,000க்கும் மேற்பட்டோருக்கு அந்தச் சோப்பைப் பயன்படுத்தியதால் கோதுமை ஒவ்வாமை ஏற்பட்டது. அவர்களில் பலர் கோதுமைப் பலகாரம் உண்ட பிறகு உடலெங்கும் தடித்து மயங்கி விழும் அளவுக்குப் போனார்கள். அந்தப் புரதம் குறிப்பிட்ட முறையில் பதப்படுத்தப்பட்டது என்பதால், வீட்டில் கோதுமை மாவு தேய்ப்பவருக்கும் இதே கதி நேரும் என்று இதிலிருந்து முடிவு செய்ய முடியாது. ஆயினும் வாய்வழி வரும் புரதத்தை உடல் உணவாக ஏற்றுக்கொள்ளப் பழகும் என்பதும், சேதமடைந்த தோல்வழி வரும் அதே புரதத்தைப் பகையாகக் கருதக்கூடும் என்பதும் இன்று ஒவ்வாமை மருத்துவத்தில் வலுப்பெற்ற கருத்து. பிரிட்டனில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஓர் ஆய்வு, நிலக்கடலை எண்ணெய் கலந்த களிம்புகளை அழற்சியுள்ள தோலில் பூசப்பட்ட குழந்தைகளுக்கும் பிற்காலக் கடலை ஒவ்வாமைக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. உடைந்த தோலில் உணவைப் பூசாதீர்கள் என்று இங்கே திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் படி: ஒதுக்க வேண்டியவற்றை முதலில் ஒதுக்குங்கள்

எலுமிச்சையிலிருந்து தொடங்குவது முறை, ஏனெனில் அதைப் போல அதிகமாகப் பரிந்துரைக்கப்படும் பொருளும் இல்லை, அதைப் போல அதிகமாகத் தொல்லை தரும் பொருளும் இல்லை. நலமான தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத் தன்மை கொண்டது, அமிலத் தன்மையை அளக்கும் பி.எச். அளவுகோலில் (எண் குறையக் குறைய அமிலம் மிகுதி) ஏறக்குறைய 5. எலுமிச்சைச் சாற்றின் அளவோ 2க்கும் 2.5க்கும் இடையே இருக்கும். இந்த அளவுகோலில் ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கைக் குறிப்பதால், தோலைவிடச் சாறு சில நூறு மடங்கு அமிலம் மிகுந்தது என்று பொருள். கடைகளில் விற்கும் பழ அமிலப் பூச்சுகளுக்கு, அமிலத்தின் செறிவு 10 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது, பி.எச். 3.5க்குக் கீழே இறங்கக் கூடாது, வெயிலிலிருந்து காக்கும் ஏற்பாடும் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் அழகுப் பொருள்களை மதிப்பிடும் நிபுணர் குழு வரையறுத்திருக்கிறது. எலுமிச்சைச் சாறு இரண்டாவது நிபந்தனையிலேயே தோற்றுவிடுகிறது.

"அதில் வைட்டமின் சி இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, 100 கிராம் சாற்றில் ஏறக்குறைய 30 முதல் 50 மில்லிகிராம், அதாவது இருபதில் ஒரு விழுக்காடு அளவுக்கு. அதே சாற்றில் சிட்ரிக் அமிலம் 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்கும். வைட்டமினை நாடிப் பூசுபவர் அதைப்போல நூறு மடங்கு அமிலத்தைச் சேர்த்தே பூசிக்கொள்கிறார். வைட்டமின் சி சீரங்களில் அது 10 முதல் 20 விழுக்காடு வரை சேர்க்கப்படுகிறது என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தால், எலுமிச்சையால் ஆகக்கூடிய நன்மை எவ்வளவு சிறியது என்பது புரியும்.

அமிலத்தைவிடக் கொடியது வெயில். எலுமிச்சை இனத்துப் பழங்களில் ஃபியூரானோகூமரின் என்னும் வேதிப்பொருள் வகை உள்ளது. அது தோலில் படிந்திருக்கும்போது சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டால், வெந்நீர் கொட்டியது போன்ற புண்ணை உண்டாக்கும். அது உடனே தெரியாது. ஏறக்குறைய ஒரு நாள் கழித்துச் சிவந்து, இரண்டாம் மூன்றாம் நாளில் கொப்புளமாக உச்சம் அடையும். அதற்குள் எலுமிச்சை பிழிந்ததே மறந்து போயிருக்கும் என்பதால், பூச்சி கடித்தது என்றோ சூடு பிடித்தது என்றோ எண்ணிக்கொள்வார்கள். புண் ஆறிய பின் சாறு வழிந்த தடத்திலேயே பழுப்புக் கோடுகள் தங்கிவிடும். இந்த வேதிப்பொருள் சாற்றைவிடப் பழத்தின் தோலில்தான் மிகுதி. பிழிந்த மூடியைக் கவிழ்த்து முழங்கையிலும் கழுத்திலும் அழுத்தித் தேய்க்கும் நம் வழக்கம், உள்ள வழிகளிலேயே மோசமான வழி என்பது இதனால் விளங்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மேல்நாட்டுக் குறிப்புகளில் பேசப்படும் பெரிய மஞ்சள் நிற லெமனும், நம் சந்தையில் விற்கும் சிறிய உருண்டை எலுமிச்சையும் ஒரே பழம் அல்ல. நம்முடையது லைம் என்னும் இனம். இந்த வெயில் புண்ணை அதிகமாக உண்டாக்குவதாக மருத்துவர்கள் குறிப்பிடும் பழமும் அதுதான்.

சமையல் சோடா இதற்கு நேர் எதிர்ப் புறத்தில் நிற்கிறது. அதன் கரைசல் காரத் தன்மை கொண்டது, பி.எச். 8க்கு மேல். தோலின் அமிலப் படலத்தை அது அழித்து, கொழுப்புப் பூச்சைக் குலைத்து, உலர்ந்து வெடித்த தோலை விட்டுச் செல்கிறது. எலுமிச்சையையும் சோடாவையும் சேர்த்தால் ஒன்றை மற்றொன்று சமன் செய்துவிடும் என்று சொல்வது சரியன்று. வீட்டில் கண்ணளவில் கலக்கும்போது எது மிஞ்சும் என்று எவரும் சொல்ல முடியாது. நுரை பொங்குவது கரியமில வாயு வெளியேறுவதால்தான். அது அழுக்கை எடுப்பதற்கான அடையாளம் அல்ல.

ஆப்பிள் சைடர் வினிகரில் ஏறக்குறைய 5 விழுக்காடு அசிட்டிக் அமிலம் இருக்கும். மருவையும் மச்சத்தையும் எடுக்க அதைப் பஞ்சில் நனைத்துக் கட்டி, தோல் வெந்து போனவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகள் உள்ளன. அதைப் பத்தில் ஒரு பங்காக நீர்த்து, கரப்பான் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் கொண்டு 2019இல் வெளியான ஒரு சிறிய ஆய்விலும் தோல் அரண் மேம்படவில்லை. கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்கு எரிச்சல்தான் மிஞ்சியது. மச்சத்தை எதனாலும் எரிக்கக் கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு: அது புற்றாக இருந்தால், பரிசோதனைக்கு அனுப்ப வேண்டிய திசுவையே அழித்துவிட்டவர் ஆவோம்.

பூண்டைத் தட்டிப் பருவின் மேல் வைப்பது, கடுகை அரைத்துப் பற்றுப் போடுவது ஆகிய இரண்டும் கந்தகம் சார்ந்த காரப் பொருள்களால் உண்மையான வேதிப் புண்ணை உண்டாக்கக்கூடியவை. பட்டையிலும் கிராம்பிலும் உள்ள மணப்பொருள்கள், தொடு ஒவ்வாமையைக் கண்டறியத் தோல் மருத்துவர்கள் முதுகில் ஒட்டிப் பார்க்கும் வழக்கமான சோதனைப் பொருள்களில் இடம்பெற்றவை. அந்தப் பட்டியலில் இடம் பெறுவது பெருமைக்குரியது அல்ல. பட்டைப் பொடியைத் தேனில் குழைத்துப் பருவுக்குப் பூசும் குறிப்பை இந்த ஒரு காரணத்துக்காகவே கைவிடலாம். பச்சை முட்டையின் வெள்ளைக்கரு உலரும்போது முகம் இறுகுவது போலத் தோன்றுவது வெறும் புரதப் படலம் காய்வதால். கழுவியதும் போய்விடும் அந்த இறுக்கத்துக்காகச் சால்மோனெல்லா கிருமியை உதட்டருகே கொண்டுபோவானேன்?

மூன்றாம் படி: நிபந்தனையோடு ஏற்கத் தக்கவை

கடலை மாவு, பாசிப்பயற்று மாவு, புளிக்காத தயிர், நன்றாக அரைத்துச் சலித்த ஓட்ஸ், வெள்ளரி, தேன் ஆகியவை பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்பவை. இவற்றுள் ஓட்ஸுக்கு மட்டுமே வலுவான அங்கீகாரம் உண்டு. மிக நுண்ணிய பொடியாக அரைத்த ஓட்ஸைத் தோல் காப்புப் பொருளாக 2003இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. தயிரின் அமிலம் மிதமானது, பி.எச். 4 முதல் 4.5 வரை. இரண்டு நாள் வெளியில் வைத்துப் புளித்த தயிருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மாவுகளைப் பொறுத்தவரை, நறநறவென்று கையில் தட்டினால் அது முகத்துக்கு உரியது அல்ல. சர்க்கரை, கல் உப்பு, ரவை, காபித் தூள் ஆகியவற்றை முகத்தில் தேய்க்கவே வேண்டாம். குதிகாலுக்கு வேண்டுமானால் பயன்படுத்தலாம்.

பழுத்த பப்பாளி பெரும்பாலும் தொல்லை தராது. காய்ப் பப்பாளியின் பாலில் உள்ள பப்பைன், கறியை மென்மையாக்கும் அதே நொதி; அது தோலின் புரதத்தையும் விட்டுவைக்காது. அன்னாசிக்கும் இதே எச்சரிக்கை. கற்றாழை மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் நிறப் பாலை, மடலைக் கால் மணி நேரம் நிமிர்த்தி வைத்து வடியவிட்டு, கழுவிய பிறகே உள்ளிருக்கும் சோற்றை எடுக்க வேண்டும். முகத்தில் அரிப்பு எடுத்ததற்குக் கற்றாழையைப் பழிப்பவர்களில் பலர் உண்மையில் இந்த மஞ்சள் பாலைத்தான் பூசிக்கொண்டிருப்பார்கள்.

எண்ணெய்களை ஒரே தட்டில் வைக்க முடியாது. உலர்ந்த தோலுக்குத் தேங்காய் எண்ணெய் நன்மை செய்வதைப் பிலிப்பைன்ஸில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் பரு வரும் முகத்தில் அது துளைகளை அடைக்கும் இயல்புடையது. தேமல் உள்ளவர்கள் அந்த இடத்தில் எண்ணெய் தடவக் கூடாது, ஏனெனில் தேமலை உண்டாக்கும் மலாசீசியா என்னும் பூஞ்சை கொழுப்பை உண்டு வாழ்வது. உயர்ந்த விலைக்கு விற்கும் ஆலிவ் எண்ணெய் தோலின் அரணைக் குலைப்பதையும், சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யாததையும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டார்கள். விலைக்கும் பாதுகாப்புக்கும் தொடர்பில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நான்காம் படி: மஞ்சளையும் நலங்கு மாவையும் தனியாக எண்ணிப் பாருங்கள்

மஞ்சளைப் பற்றி ஐயப்படுவது நம் வீடுகளில் எளிதல்ல. மஞ்சளுக்கே ஒவ்வாமை கொள்ளும் தோல் உண்டு என்றாலும், மஞ்சளின் பெரிய சிக்கல் அதில் கலக்கப்படுவது. பளிச்சென்ற நிறத்துக்காக மெட்டானில் மஞ்சள் என்னும் துணிச் சாயமும், ஈயக் குரோமேட்டும் சேர்க்கப்படுவது தெற்காசியாவில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. வங்கதேசத்தில் மஞ்சள் கிழங்குக்கே ஈயக் குரோமேட்டால் மெருகேற்றியதை 2019இல் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டுவந்த பிறகு, அரசு கடும் நடவடிக்கை எடுத்தது. ஆகவே கிழங்காக வாங்கினால் கலப்படமே இராது என்பதும் முழு உண்மை அல்ல. நலமான தோல்வழியாக ஈயம் மிகக் குறைவாகவே உட்செல்லும். ஆனால் பூசிய கையும் உதடும் வாய்க்கு மிக அருகில் உள்ளவை, குழந்தைகள் விரல் சூப்புபவர்கள்.

வீட்டிலேயே செய்யத்தக்க எளிய சோதனையை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் சொல்லியிருக்கிறது. ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளைக் கலக்காமல் போட்டுக் காத்திருக்க வேண்டும். நல்ல மஞ்சள் அடியில் படியும்போது நீரில் வெளிர் மஞ்சள் மட்டுமே தெரியும்; சாயம் கலந்தது நீரை அடர்ந்த மஞ்சளாக்கிவிடும். இதில் தேறிய தூள் முற்றிலும் தூயது என்று உறுதி கூற முடியாது. தேறாத தூளை முகத்துக்கும் குழம்புக்கும் ஆகாது என்று ஒதுக்கிவிடலாம். அழுக்கு நீங்கக் கழுவி, தேய்த்து, உலர்த்தி, வீட்டிலோ கண்முன் மில்லிலோ அரைத்த மஞ்சளே ஓரளவு நம்பத் தக்கது.

நலங்கு மாவில் பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ் என்று பத்துப் பன்னிரண்டு பொருள்கள் சேரும். பத்துப் பொருள் சேர்ந்த மாவுக்கு அரிப்பு வந்தால், குற்றவாளி எது என்று கண்டுபிடிக்கவே முடியாது. புதியவர்கள் மூன்று நான்கு பொருளோடு தொடங்க வேண்டும். நாட்டு மருந்துக் கடைப் பட்டியலில் உள்ள கார்போகரிசி என்னும் விதையையும் கவனியுங்கள். எலுமிச்சையில் வெயில் புண்ணுக்குக் காரணமான அதே வேதிக் குடும்பத்தின் தலைமகனான சோராலென், இந்தச் செடியின் இலத்தீன் பெயரிலிருந்தே பெயர் பெற்றது. வெண்புள்ளிக்கு இந்த விதையைப் பூசி வெயிலில் நிற்கச் சொன்ன பழைய மருத்துவ முறைக்கும், சோராலென் கொடுத்துப் புற ஊதாக் கதிர் பாய்ச்சும் நவீனச் சிகிச்சைக்கும் அடிப்படை ஒன்றே: தோலைக் கறுக்க வைப்பது. வெளுக்க வேண்டும் என்று பூசும் மாவில் கறுக்க வைக்கும் விதை சேர்ந்திருப்பதை எத்தனை பேர் அறிவார்கள்? குளியலில் தேய்த்து உடனே கழுவிவிடுவதால் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. ஆனால் அதே மாவைப் பூச்சாகப் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போகக் கூடாது. முகப் பூச்சுக்கென்று அரைக்கும் மாவில் அதைச் சேர்க்காமல் விடுவது இன்னும் நல்லது.

ஐந்தாம் படி: கலக்கும் முறையும் வைத்திருக்கும் காலமும்

உலர்ந்த மாவில் கிருமி பெருகாது. அதில் நீர் சேர்ந்த நொடியிலிருந்து கணக்கு தொடங்குகிறது. கடைக் களிம்பு மாதக் கணக்கில் கெடாமல் இருப்பதற்கு அதில் உள்ள பதப்பொருளே காரணம். பதப்பொருள் இல்லாதது என்று பெருமைப்படும் வீட்டுப் பூச்சு, நம் ஊரின் 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் கிருமிகளுக்கு விருந்து. ஆகையால் ஒரு வேளைக்கு வேண்டிய அளவு மட்டும் கலந்து, மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். கை, கிண்ணம், கரண்டி மூன்றையும் சோப்பிட்டுக் கழுவி உலர்த்தி, கொதித்து ஆறிய நீரைக் கொண்டு கலக்க வேண்டும். இறைச்சி வெட்டிய பலகையில் வெள்ளரி நறுக்கக் கூடாது என்பது சமையலுக்குப் போலவே இதற்கும் பொருந்தும்.

அரிசியைக் குழைய வேகவைத்து அரைத்துக் கூழாக்கி, குளிர்பதனப் பெட்டியில் வைத்து வாரம் முழுவதும் பூசும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அரிசியில் இயல்பாகவே உள்ள பாசில்லஸ் இனக் கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. ஆறும்போது முளைத்துப் பெருகும். குளிர் அந்த வளர்ச்சியைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. உறையவைத்துக் கட்டியாக்கினாலும் பல கிருமிகள் உயிரோடுதான் இருக்கும். தேன் தானாகக் கெடாதது அதில் நீர் மிகக் குறைவு என்பதால். தேனைத் தயிரிலோ ரோஜா நீரிலோ குழைத்த பிறகு அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. மருத்துவமனையில் புண்ணுக்குப் பயன்படும் தேன் கதிர்வீச்சால் கிருமி நீக்கப்பட்டது என்பதால், அதைச் சொல்லிக் கடைத் தேனைப் புண்ணில் தடவ வேண்டாம்.

ஆறாம் படி: முன்கையில் சோதித்துப் பாருங்கள்

காதின் பின்னால் ஒரு துளி தடவி ஐந்து நிமிடம் பார்ப்பது சோதனை அல்ல. எரிச்சல் உடனே தெரியலாம். ஆனால் ஒவ்வாமை ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்தே தலைகாட்டும், முதன்முறையாகப் பழகும் பொருளுக்கு அது உருவாகவே பத்து நாளுக்கு மேல் ஆகலாம். முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறிது பெரிய இடத்தில், முகத்துக்குக் கலக்கும் அதே பதத்தில் பூசி, முகத்தில் வைக்க நினைக்கும் அதே நேரம் வைத்துக் கழுவ வேண்டும். இப்படிக் காலையும் மாலையும் ஒரே இடத்தில் ஏழு முதல் பத்து நாள் வரை செய்ய வேண்டும். அந்த இடம் சிவக்காமல், அரிக்காமல், தடிக்காமல், கறுக்காமல் இருந்தால் முகத்துக்குக் கொண்டுபோகலாம். ஒரு சோதனைக்கு ஒரு பொருள்தான். திருமணத்துக்கு முந்தின வாரம் புதிய பூச்சைத் தொடங்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏழாம் படி: பூசும்போது

மாலையில், வெயில் தாழ்ந்த பிறகு பூசுவது சிறந்தது. கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் மூக்கின் ஓரத்திலும் விட்டுவிட்டு, மெல்லிய அடுக்காகப் பூசி, பத்து நிமிடத்தில், அது முழுவதும் காய்ந்து இழுப்பதற்கு முன்பே கழுவ வேண்டும். காய்ந்த மாவை உதிர்த்துத் தேய்த்து எடுப்பதால் மேல்தோலும் சேர்ந்தே உரியும். நனைத்து இளக்கிக் கழுவுவதே முறை. வாரத்துக்கு ஒரு முறை போதும். எரிகிறது என்றால் வேலை செய்கிறது என்று பொருள் கொள்ளும் பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எரிச்சலுக்கு ஒரே பொருள்தான் உண்டு: தோல் சேதமடைகிறது, உடனே கழுவுங்கள். மறுநாள் வெளியே போகும்போது சன்ஸ்கிரீனோ குடையோ இருக்கட்டும்.

குழந்தைகளைப் பற்றி

ஓராண்டு நிறையாத குழந்தைக்கு முகத்தில் தேன் தடவக் கூடாது; தேனில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் வித்துகள் வாய்வழி போனால், அந்த வயதில் நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நோய் வரலாம். முடி உதிர வேண்டும் என்று பச்சிளம் குழந்தையின் முதுகில் கடலை மாவையோ மஞ்சளையோ அழுத்தித் தேய்ப்பது தோலைக் கீறுவதில்தான் முடியும். அந்தப் பூனைமுடி சில வாரங்களில் தானாகவே உதிரும். சளிக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தடவும் வழக்கம் மிக ஆபத்தானது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கற்பூரம் எந்த வடிவிலும் ஆகாது. அது தோல்வழியாகவும் மூச்சுவழியாகவும் உட்சென்று வலிப்பை உண்டாக்கும். இது பாட்டிமார்களின் அன்பைக் குறை சொல்வதாகாது. கற்பூரம் மட்டும் வேண்டாம் என்று அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: தவறு நேர்ந்துவிட்டால்

ஓடும் குளிர்ந்த குழாய் நீரில் இருபது நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தாலும் இமையை விரித்து அவ்வளவு நேரம் கழுவ வேண்டும். பனிக்கட்டி வைக்க வேண்டாம். எலுமிச்சையால் எரிந்த இடத்தில் சோடாவைப் போடுவது, சோடாவால் எரிந்த இடத்தில் மோரை ஊற்றுவது போன்ற மாற்று முயற்சிகளும் வேண்டாம். கழுவிய பின் வாசனை இல்லாத பெட்ரோலியம் ஜெல்லியை மெலிதாகத் தடவி, ஆறும் வரை வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் கருமை தங்குவது குறையும். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த வெளுப்புக் களிம்பை மட்டும் நாடக் கூடாது. முதல் வாரம் அற்புதமாகத் தோன்றும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பி, நிறுத்தவும் முடியாமல் தொடரவும் முடியாமல் ஆகிவிடும்.

கொப்புளம், கண்ணில் குறையாத எரிச்சல், பரவும் சிவப்பு, சீழ், காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு இழுத்தால், தலை சுற்றி மயக்கம் வந்தால், மருத்துவரின் நேரத்துக்குக் காத்திராமல் தமிழ்நாட்டில் 108க்கும் இலங்கையில் 1990க்கும் அழைக்க வேண்டும். தோல் மருத்துவரிடம் போகும்போது, மிஞ்சிய மாவைக் கொட்டிவிடாமல் ஒரு கவரில் போட்டு, அதில் சேர்த்த பொருள்களின் பெயர்களையும் பூசிய நாளையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். முதல் நாளில் எடுத்த ஒளிப்படமும் இருக்கட்டும். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை முதுகில் ஒட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க அவர்களுக்கு அந்தக் கவர்தான் உதவும்.